ஒதுக்கிய சொல்

ஊர்க்கண்ணிடம் எதைக் கேட்டாலும் முடிக்கும்போது ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று அது காத்துக்கொண்டே இருக்கும். பந்தியில் சோறு போடுகிறவரிடம் கையைக் குறுக்கே நீட்டிச் சொல்வோமே, அதே சொல். அதனால் யாருக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ‘தேடு, பெயர் இன்னது, ஊர் இன்னது, போதும்’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். மாநிலத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த அரசாங்க எந்திரத்தின் நினைவுக்குள் இருந்தார்கள். யார் எந்த ஊரில், எந்த முகாமில், எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாயால் கேட்டுப் பதில் வாங்கிவிடலாம் என்பதும், அதன் கட்டளைகளில் வேற்று மொழிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது என்பதும் அதை உண்டாக்கியவர்களின் பெருமை. அந்தப் பெருமையில் பொய் இல்லை. தவமணிகூட அதை முதன்முதலில் பார்த்தபோது சந்தோஷப்பட்டவள்தான்.

முள்ளோடை அணை உடைந்து மேற்கே இருந்த ஊர்களெல்லாம் தண்ணீருக்குள் போன பிறகு, அவளும் அதன் முன்னால் வரிசையில் போய் நின்றாள். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. தங்கை எங்கே இருக்கிறாள்?

உயிரோடு இருக்கிறாள் என்பதில் தவமணிக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வெள்ளம் வந்த அன்று இருவரும் ஒரே மொட்டைமாடியில்தான் நின்றார்கள். முதல் படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. தவமணிக்கு மூட்டுவலி, தண்ணீரில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. தங்கை அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் தள்ளிவிட்டாள். “நீ போ, படிச்ச மகராசி. ஆட்டை அவுத்துவிட்டுட்டு அடுத்த படகுல வாரேன். அதுகளுக்கு நீச்சல் தெரியும், ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாது,” என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த படகு வந்ததையும், அதில் அவளை ஏற்றியதையும் அந்தப் படகுக்காரரே பிற்பாடு தவமணியிடம் சொன்னார். சிவப்புச் சேலை, வாய் ஓயாத பேச்சு, தகரம் கிழித்து இடது காலில் காயம். கிழக்கே போகிற லாரி ஒன்றில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். எந்த ஊருக்குப் போகிற லாரி என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரியின் விளையாட்டரங்கத்தில் முகாம் போட்டிருந்தார்கள். வாசலருகே ஒரு கம்பத்தில் ஊர்க்கண்ணைப் பொருத்தியிருந்தார்கள். முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி, அதன் கீழே பேச்சைக் கேட்பதற்கு வட்டமாகச் சிறு துளைகள். தவமணிக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் மகன் பெயரைச் சொன்னார். கண்ணாடியில் மேலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பெயரும் மகனின் முகமும் வந்தன. அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கும் முன்னால் நின்ற பெண்ணுக்கு, ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று பதில் வந்தது. அவளைச் சுற்றி நின்றவர்கள் தாங்கிப்பிடித்துக் கூட்டிப்போனார்கள்.

தவமணி துளைகளுக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள். தேடு என்றாள். பெயர் போதும்பொண்ணு என்றாள். ஊரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், “நன்றி. கேட்டது முடிந்தது,” என்றது ஊர்க்கண். கண்ணாடி வெறுமையாக இருந்தது.

வாய் குழறியிருக்கும் என்று நினைத்து மறுபடி கேட்டாள். அதே நன்றி, அதே வெறுமை. மூன்றாம் முறை கேட்கும்போது பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தொண்டர் ஒருவர் வந்து அவள் தோளைத் தொட்டு, ஆள் இல்லையென்றால் அப்படித்தான் சொல்லும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒரு கிழவி இதைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். தவமணி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

அவள் கிளை நூலகம் ஒன்றில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவள். ‘அந்தப் புத்தகம் இங்கே இல்லை’ என்பதும், ‘நேரமாயிற்று, கிளம்புங்கள்’ என்பதும் ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரியும். முன்னால் நின்ற பெண்ணுக்கு வந்தது முதல் பதில். தனக்கு வந்தது இரண்டாவது. தங்கை இல்லை என்று ஊர்க்கண் சொல்லவில்லை. தேடவே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தாள். ஊர்க்கண் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதற்காகத் தலைமையகத்திலிருந்து அனுப்பப்பட்டிருந்த பெண். திண்டுக்கல்காரி. தூக்கமில்லாமல் கண் சிவந்து, முடியை ரப்பர் வளையத்தில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, அரங்கத்தின் மூலையில் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஊர்க்கண்ணின் கட்டளைகளை வகுத்த குழுவில், படித்து முடித்த கையோடு சேர்ந்து வேலை பார்த்தவள் என்பது பேச்சுக்கு நடுவே தெரியவந்தது.

“யாரைத் தேடுறீங்கம்மா?”

“தங்கச்சிய. போதும்பொண்ணு.”

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். “அது பட்டப்பேரா?”

“பேரே அதான் தாயி. எங்க பக்கம் தெருவுக்கு ஒருத்தி இருப்பா. வரிசையாப் பொட்டப்பிள்ளையாப் பொறந்தா, கடைசியாப் பொறந்ததுக்கு இப்படிப் பேரு வச்சிருவாக. அடுத்ததாவது ஆம்பளப்பிள்ளையா இருக்கணும்னு.”

ஜெசிந்தா தன் முன்னால் இருந்த கருவியிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். நன்றி, கேட்டது முடிந்தது. அவள் கை மேசைமேல் அப்படியே நின்றது. பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வதைப்போலத்தான் விளக்க ஆரம்பித்தாள்.

ஊர்க்கண்ணுக்கென்று சில சொற்களை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ‘தேடு’ அதில் ஒன்று, ‘நீக்கு’ ஒன்று, ‘போதும்’ ஒன்று. “ரயில்ல ரிசர்வ் பண்ணின சீட்டு மாதிரிம்மா. அதுல வேற யாரும் உக்கார முடியாது. அந்த வார்த்தை எங்க வந்தாலும் அது கட்டளைதான். பேருன்னு எடுத்துக்காது.”

“அவ பேரு வெறும் போதும் இல்லியே. போதும்பொண்ணு.”

“அது அங்கதாம்மா பிரிச்சிடுது. நம்ம பேச்சுல ரெண்டு மூணு வார்த்தையச் சேத்துச் சேத்துத்தான பேசுறோம். அதெல்லாம் பிரிச்சாத்தான் அதுக்குப் புரியும்னு நாங்கதான் பிரிக்கக் கத்துக்கொடுத்தோம். போதும் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. முதல் பாதி காதுல விழுந்ததும் கதவைச் சாத்திடுது. பொண்ணு வெளியிலயே நின்னுடுது.”

எழுதிக் கேட்டால் இந்தச் சிக்கல் இல்லை என்றாள். பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுவிட்டால், இது பெயர், கட்டளை இல்லை என்று அதற்கு விளங்கிவிடும். ஆனால் வாயால் சொல்கிறவர் மேற்கோள் குறியை எப்படிச் சொல்வார்? ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் இதுவரை யாராவது எழுதிப் பதிந்துவந்ததால் இது வெளியே தெரியவில்லை. எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோன பிறகு, ஊர்க்கண்ணின் முன்னால் ஆட்கள் வெறும் குரலோடு வந்து நின்றபோதுதான் கதவு சாத்தியிருக்கிறது.

“ஒங்களுக்குள்ள ஒருத்தருக்குமா இப்படி ஒரு பேரு தெரியல?” என்று கேட்டாள் தவமணி. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். “சோதிச்சுப் பாக்குறதுக்கு ஆயிரக்கணக்கா பேரு போட்டோம்மா. எல்லாம் பூங்கொடி, நிலவழகன், செந்தாமரைன்னுதான் போட்டோம். நல்ல தமிழ்ப் பேரா இருக்கணும்னு தேடித் தேடிப் போட்டோம்.”

தவமணி சிரித்தாள். அந்த நேரத்தில் தனக்குச் சிரிப்பு வந்ததை எண்ணி அவள் பின்னால் பலமுறை வருந்தியதுண்டு.

“ஒங்க மிசின்மேல தப்பில்ல தாயி. அது பேரே இல்ல. எங்கப்பன் சாமிக்குப் போட்ட உத்தரவு. அத இத்தனை வருசத்துல உத்தரவாக் கேட்டது ஒங்க மிசின் ஒண்ணுதான். சாமிக்கும் அப்ப பாதிதான் கேட்டுச்சு. பொண்ணு போதும்னு இவரு சொன்னா, பிள்ளையே போதும்னு அது நிறுத்திருச்சு. அதுக்குப் பெறகு எங்காத்தா வகுத்துல ஒண்ணுமே தங்கல.”

தவமணி தலைச்சன். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல், ஒச்சாத்தேவனும் அவர் மனைவியும் மலைக்கோயிலுக்கு நடந்து போய் வேண்டிப் பெற்றவள். பெண்ணென்றாலும் பரவாயில்லை என்று கொண்டாடி அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு வந்த இரண்டு பெண்களும் தங்கவில்லை. நாலாவதும் பெண்ணாகப் பிறந்தபோது ஒச்சாத்தேவன் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருவில் நின்றபடியே பெயரைச் சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். பள்ளிக்கூடத்தில், கடைவீதியில், புருஷன் வீட்டில், அவன் விட்டுவிட்டுப் போன பிறகு அக்கா வீட்டில் என்று எங்கே போனாலும் அந்தப் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் ஒரு முறை சிரிப்பார். போதும்பொண்ணு அவர்களுக்கு முன்னாலேயே சிரித்துவிடுவாள். அது அவளுடைய தந்திரம்.

ஜெசிந்தா பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து எழுதித் தேடினாள். பதில் வந்தது. தங்கையின் பழைய முகம், வீட்டு விலாசம். கடைசியாக இருந்த இடம்: வீடு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எந்த முகாமிலும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

ஜெசிந்தாவின் குரல் இறங்கிவிட்டது. “அம்மா… எழுதித் தேடியும் வரலம்மா.”

தவமணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியில் ஏற்றியது உண்மை. லாரி எங்கேயோ போய் நின்றிருக்கும். இறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவரிடமும் ஊர்க்கண் பெயர் கேட்டிருக்கும். பெயர் பதிந்தால்தான் கையில் பட்டை கட்டுவார்கள். பட்டை இருந்தால்தான் சோறு, மருந்து, கட்டில். தங்கை பெயரைச் சொல்லியிருப்பாள். நன்றி, கேட்டது முடிந்தது. பின்னால் நிற்பவர்கள் கத்தியிருப்பார்கள். காலில் ரத்தம் வடிந்துகொண்டிருந்திருக்கும்.

“அவ சும்மா நின்னுகிட்டிருக்க மாட்டா,” என்றாள் தவமணி. “ஒரு பேரு வேலைக்கு ஆகலேன்னா இன்னொரு பேரச் சொல்லுவா.”

‘பொண்ணு’ என்று மட்டும் போட்டுத் தேடினார்கள். யார் யாரோ வந்தார்கள். அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடினார்கள். வந்தவள் அவர்கள் ஊர்க்காரியே இல்லை. போதும்பொண்ணு வளர்த்த ஆடுகளுக்குக்கூட நல்ல நல்ல பெயர்கள் இருந்தன. அவற்றையும் சொல்லிப் பார்த்தாள் தவமணி. ஜெசிந்தா ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். கடைசியில் தவமணிக்கு வாய் உலர்ந்துபோயிற்று.

“என் பேரப் போடு தாயி,” என்றாள்.

தவமணி, அப்பா பெயர் ஒச்சாத்தேவன் என்று போட்டதும் கண்ணாடியில் இருவர் வந்தார்கள். ஒருத்தி இந்த முகாமில் இருந்தாள். இன்னொருத்தி சிவகங்கைக்கு அப்பால் ஓர் ஊர் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில். முகத்தை எடுத்த படத்தில் பாதியைப் போர்வை மறைத்திருந்தது. மிச்சப் பாதியே தவமணிக்குப் போதுமானதாக இருந்தது.

அதன் அருகே ஒரு மஞ்சள் புள்ளி. அது என்னவென்று கேட்டதற்கு ஜெசிந்தா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால், இரண்டாவது தவமணியைச் சந்தேகம் என்று ஊர்க்கண் ஓரமாக வைத்திருந்தது. ஓரமாக வைத்தவர்களின் சொந்தக்காரர்களுக்கு அது தகவல் அனுப்புவதில்லை. யாராவது வந்து சரிபார்க்கும்வரை அப்படியே இருக்கும்.

ஜெசிந்தாவே வண்டி பிடித்துக் கூடவே வந்தாள். வழியெல்லாம் வயல்களில் தண்ணீர் நின்றது. நடுவில் ஒருமுறை அவளுடைய மேலதிகாரி போனில் பேசினார். போதும் என்ற சொல்லை மாற்றிவிட்டு வேறொன்றை வைக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, அணைகளின் மதகிலிருந்து ஆஸ்பத்திரி மருந்தளவுவரை எல்லாவற்றிலும் அந்தச் சொல் ஊறிப்போய்விட்டது, இனிமேல் கைவைத்தால் எது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். வேண்டுமானால் அந்தப் பெயர் உள்ள பெண்களுக்கெல்லாம் வேறு பெயர் வைத்துவிடலாம், சீக்கிரமே ஆணை வரும், நல்ல நல்ல பெயர்களாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். இதை ஜெசிந்தா தயங்கித் தயங்கிச் சொன்னபோது தவமணி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லதுதான். வச்சவனும் அவள ஒரு வார்த்தை கேக்கல. மாத்துறவுகளும் கேக்கப்போறதில்ல.”

வார்டுக்குள் நுழைந்ததும் என்ன பேசுவது என்று தவமணி யோசித்துக்கொண்டு வந்தாள். திட்டத்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆட்டுக்காகக் காலைக் கிழித்துக்கொண்டதற்கு ஒரு திட்டு. பெயரைத் திருடியதற்கு ஒரு திட்டு.

பெண்கள் வார்டில் அந்தக் கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள்.

ரஹ்மத் என்ற நர்ஸ்தான் அவர்களை வராந்தாவுக்குக் கூட்டிவந்து, தவமணியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு சொன்னாள். காயம் அழுக்குத் தண்ணீரில் கிடந்து புரையோடிவிட்டது. இங்கே வந்து சேரும்போதே காய்ச்சல் தலைக்கு ஏறியிருந்தது. டாக்டர்கள் குறை வைக்கவில்லை. முந்தாநாள் விடியும்போது உயிர் போய்விட்டது. யாரும் தேடி வந்து சரிபார்க்காததால் உடல் இன்னும் பிணவறையில்தான் இருக்கிறது, ஊர்க்கண்ணிலும் சாவைப் பதியவில்லை.

தவமணி தண்ணீரைக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினாள். ரஹ்மத் அதை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க தவமணி அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள் ரஹ்மத்.

கூடப் பிறந்தவங்க என்று ஜெசிந்தா சொன்னாள்.

ரஹ்மத்தின் முகம் மாறிற்று. “அப்ப நீங்கதானா அது? கண்ணு முழிக்கிறப்பல்லாம் உங்களைத்தாம்மா கேப்பாங்க. ‘என் கூடப் பொறந்தவளத் தேடிச் சொல்லு, அவ பேரு போதும்பொண்ணு, இங்க வரச் சொல்லு’ன்னு. நான் ஊர்க்கண்ல கேட்டேம்மா. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு டூட்டியிலயும் கேட்டேன். கேட்டது முடிந்ததுன்னே சொல்லிச்சு. அப்படி ஒரு ஆள் இல்லன்னு நெனச்சுட்டேன். காய்ச்சல்ல பேசுறாங்கன்னு நெனச்சுட்டேன்.”

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் வராந்தாவின் கோடிக்குப் போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தவமணிக்கு அது மெல்லத்தான் விளங்கியது. கட்டிலுக்காகத் தங்கை அக்காவின் பெயரை எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகு, அக்காவைக் கூப்பிட அவளிடம் பெயர் இல்லை. தவமணியைக் கூப்பிடுங்கள் என்று தவமணியே எப்படிச் சொல்வாள்? சொன்னால் குட்டு உடைந்து, பட்டையை அவிழ்த்து, கட்டிலைப் பறித்துக்கொள்வார்களோ என்று பயந்திருப்பாள். மிச்சம் இருந்தது அவளுடைய சொந்தப் பெயர் ஒன்றுதான். அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, அக்காவைத் தேடச் சொல்லியிருக்கிறாள். தவமணி மதுரையில் நின்று எந்தப் பெயரைச் சொல்லித் தேடினாளோ, அதே பெயரைச் சொல்லித்தான் அவளும் இங்கே கிடந்து தேடியிருக்கிறாள். இரண்டு பக்கமும் ஊர்க்கண் நன்றி சொல்லியிருக்கிறது.

பிணவறைக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பார்த்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காலைப் போர்த்தியிருந்தார்கள் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

வாசலருகே ஒரு சிறிய அறையில் எழுத்தர் இருந்தார். இறந்தவர் பெயர் தவமணி, தகப்பனார் ஒச்சாத்தேவன் என்று படித்துக்காட்டினார். சரிதானா, ஏதாவது திருத்த வேண்டுமா என்று கேட்டார்.

ஜெசிந்தா முன்னால் வந்தாள். திருத்த வேண்டும் என்றும், வாயால் சொன்னால் சரிவராது, தானே மேற்கோள் குறி போட்டு எழுதித்தருகிறேன் என்றும் சொன்னாள். அவளால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்துவிட வேண்டும் என்று அவள் கைகள் பரபரத்தன.

தவமணி ரஹ்மத்தின் பக்கம் திரும்பினாள். “அவகிட்டப் பேரக் கேட்டா எப்படித் தாயி சொல்லுவா?”

ரஹ்மத் யோசித்தாள். “முழுசாச் சொல்லுவாங்கம்மா. ‘தவமணி, அப்பா பேரு ஒச்சாத்தேவன்’னு. ஊசி போட வர்றவங்க, பெருக்க வர்றவங்க எல்லாருகிட்டயும் சொல்லுவாங்க. பெரிய டாக்டர் ஒரு தடவை, நல்ல பேரா இருக்கேன்னாரு. ‘ஆமா, தவமிருந்து பெத்த பிள்ள நானு’ன்னாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அவங்களாச் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.”

எழுத்தர் காத்திருந்தார். வெளியே ஒரு வண்டி பின்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“இருக்கட்டும்,” என்றாள் தவமணி. “திருத்த வேணாம்.”

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவள் தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, இத இப்படியே விட்டா ஊர்க்கண்ணுல நீங்க செத்துப்போயிருவீங்க. உங்க அரிசி, மாத்திரை, வீடு, எல்லாம் உங்க பேர்ல இருக்கு. எல்லாம் நின்னுடும்.”

“மிச்சம் ஒரு பேரு சும்மாதான கெடக்கு. அத நான் வச்சிக்கிறேன்.”

“அந்தப் பேரோட உங்களால ஒண்ணும் கேக்க முடியாதும்மா. ஆணை எப்ப வரும்னு எனக்கே தெரியாது. மறுபடி ஒரு வெள்ளம் வந்தா, படகு வேணும்னு நீங்க கத்தினாலும் அதுக்குக் கேக்காது.”

“தெரியும் தாயி. நீதான வெளக்கமாச் சொன்ன.” பிறகு, அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்: “பொறந்தப்ப இப்படி ஒரு பேர அவளுக்கு யாரும் குடுக்கல. அவளா எடுத்துகிட்டா. போறப்பப் புடுங்கச் சொல்றியா?”

எழுத்தருக்கு இந்தப் பேச்சின் தலையும் வாலும் விளங்கவில்லை. திருத்தம் இல்லை என்று அழுத்தினார். கண்ணாடியில் மஞ்சள் புள்ளி ஒருமுறை மினுங்கி அணைந்தது. இரண்டு தவமணிகள் இருந்த இடத்தில் ஒருத்தி ஆனாள். சந்தேகம் தீர்ந்துவிட்டது.

வராந்தாவில் பெஞ்சு ஒன்று இருந்தது. தவமணி அதில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் உட்காராமல் தூணோரம் நின்றாள். மழை விட்டிருந்தது. தோட்டி ஒருவர் வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். பிணவறைக் கதவு திறந்தது. வெளியே வந்த ஆள் கையிலிருந்த பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“தவமணிக்குச் சொந்தக்காரவுங்க யாரு?”

அவள் மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நாந்தான்,” என்றாள். “தங்கச்சி.”